கணினி காணாத கோப்புகள்: ‘போர்மட்’ செய்ய முன் ஒரு நிமிடம்

ராத்தாவின் திருமணம் முடிந்து இரண்டு மாதங்களுக்குப் பின்னர், வீடியோ எடுத்த ஸ்டூடியோவிலிருந்து ஒரு கறுப்பு நிற ஹார்ட் டிஸ்க் எங்கள் வீட்டுக்கு வந்தது. இஷாத் தொழுகை முடிந்ததும் வீட்டார் எல்லோரும் கணினி மேசையைச் சுற்றி அமர்ந்தோம். வாப்பா கேபிளைச் செருகினார். படம் வரவில்லை. திரையின் நடுவே ஒரு சிறு பெட்டிதான் வந்தது. “இந்த டிஸ்க்கைப் பாவிப்பதற்கு முன் இதைப் போர்மட் செய்ய வேண்டும். செய்யவா?” என்று அது ஆங்கிலத்தில் கேட்டது. சுட்டியின் அம்புக்குறி ‘போர்மட்’ பொத்தானின் மேலேயே நின்றது.

“இத அமத்தட்டா மகள்?”

“வாணாம் வாப்பா, கொஞ்சம் பொறுங்க!”

அந்த டிஸ்க்கில் இருந்தவை திருமணக் காட்சிகள் மாத்திரமல்ல. ராத்தாவின் தலையில் கைவைத்து எங்கள் உம்மும்மா துஆக் கேட்கும் காட்சியும் அதில்தான் இருந்தது. திருமணம் நடந்து 23 நாட்களில் உம்மும்மா வஃபாத்தானார். அவருடைய குரல் எங்களிடம் வேறெங்கும் பதிவாகியிருக்கவில்லை. ஸ்டூடியோவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டால், “எங்களிடம் பிரதி இல்லை, இடம் போதாமல் அழித்துவிட்டோம்” என்றார்கள்.

அன்றிரவு அந்தப் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். இதே பெட்டி நாளை உங்கள் வீட்டுத் திரையிலும் தோன்றலாம். பென் டிரைவ் ஒரு கணினியில் தெரிகிறது, மற்றதில் தெரியவில்லை. வீட்டில் செய்த ஒப்படையைக் கொமியூனிகேஷன் கடையில் திறந்தால் வெறுமையாக இருக்கிறது. இத்தகைய வேளைகளில் உண்மையில் நடப்பது என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலுமாரியில் இருந்த கிதாப்

முதலில் ஒன்றை மனதில் இருத்திக்கொள்வோம். அந்தப் பெட்டி “இதில் ஒன்றுமில்லை” என்று சொல்லவில்லை. “இதை என்னால் வாசிக்க முடியவில்லை” என்றுதான் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் மிகப் பெரிய வேறுபாடு உண்டு.

எங்கள் உம்மும்மாவின் அலுமாரியில் ஒரு பழைய அரபுத்தமிழ்க் கிதாப் இருந்தது. அரபுத்தமிழ் என்பது தமிழ் மொழியை அரபு எழுத்துகளில் எழுதுவதாகும். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் சில எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். தமிழ் எழுத்து மட்டும் தெரிந்தவர் அக்கிதாபைத் திறந்தால் ஒன்றும் வாசிக்கமாட்டார். அரபு நாட்டிலிருந்து வந்தவருக்கு எழுத்துகள் தெரியும், பொருள் புரியாது. ஆனால் உள்ளே இருப்பது நாம் அன்றாடம் பேசும் தமிழ்தான். வாசிக்கத் தெரியாதவர், “இது வெறும் தாள், அழித்துவிட்டு வேறு எழுதலாமா?” என்று கேட்டால் நாம் சம்மதிப்போமா?

டிஸ்க்கின் கதையும் இதுவே. ஒரே புகைப்படத்தை வின்டோஸ் ஒரு முறையிலும், மெக் வேறொரு முறையிலும், லினக்ஸ் இன்னொரு முறையிலும் டிஸ்க்கில் எழுதி வைக்கின்றன. இவ்வாறு எழுதி வைக்கும் ஒழுங்கையே கோப்பு முறைமை என்கிறோம். தனக்குத் தெரியாத கோப்பு முறைமையைக் கண்ட பணிசெயல் முறைமை, எல்லாவற்றையும் அழித்துத் தனக்குத் தெரிந்த முறையில் புதிதாகத் தொடங்க அனுமதி கேட்கிறது. அதற்குப் பெயர்தான் போர்மட்.

டிஸ்க்கிலிருந்து திரை வரை ஐந்து வாசல்கள்

நாம் செருகிய டிஸ்க் திரையில் ஒரு படமாகத் தோன்றுவதற்கு முன் ஐந்து வாசல்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. எந்த வாசல் மூடியிருந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: “டிஸ்க்கைக் காணவில்லை.” எந்த வாசலில் நின்றது என்பதைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

முதலாவது, மின்சாரமும் கேபிளும். யூ.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லிஅம்பியர் வரையும், யூ.எஸ்.பி. 3.0 துளை 900 மில்லிஅம்பியர் வரையும் மின்னோட்டம் தரும். ஹார்ட் டிஸ்க்கினுள் சுழலும் தட்டு இருப்பதால் அதற்குச் சற்றுக் கூடுதல் மின் தேவை. மின் போதாவிட்டால் விளக்கு எரியும், ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும், டிஸ்க் வராது. இன்னொரு விடயம், சாதாரண யூ.எஸ்.பி. கேபிளில் நான்கு கம்பிகள் உள்ளன. இரண்டு மின்னுக்கு, இரண்டு தரவுக்கு. மலிவான சில சார்ஜ் கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. எனவே முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

இரண்டாவது, இணைப்பி. ஆங்கிலத்தில் அடெப்டர் அல்லது கன்ட்ரோலர் எனப்படும் பகுதி இது. கணினிக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நிற்கும் வாயிற்காவலர் என்று சொல்லலாம். யூ.எஸ்.பி.யில் எதைச் செருகினாலும் கணினி முதலில் “நீ யார்?” என்று கேட்கும். செருகிய பொருள் தனது தயாரிப்பாளர் எண்ணையும், பொருள் எண்ணையும், தான் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதையும் பதிலாகச் சொல்லும். சேமிப்புச் சாதனங்களின் வகுப்பு எண் 08. இந்தப் பதிலைப் புரிந்துகொண்டு பேசும் மென்பொருளே டிரைவர்.

மடிக்கணினியின் உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கும் இப்படி ஓர் இணைப்பி உண்டு. அது எந்த முறையில் வேலை செய்ய வேண்டும் என்பது கணினி தொடங்கும்போது வரும் பயோஸ் அமைப்பில் குறிக்கப்பட்டிருக்கும். ஏ.எச்.சி.ஐ. என்பது பொதுவான முறை. சில கணினிகளில் ரெய்ட் அல்லது இன்டெலின் வி.எம்.டி. என்ற முறை வைக்கப்பட்டிருக்கும். அத்தகைய கணினியில் புதிதாக வின்டோஸ் நிறுவப் போனால், “டிஸ்க் எதுவும் இல்லை” என்று வரலாம். டிஸ்க் பழுதாகிவிட்டது என்று பலர் பயந்துவிடுவார்கள். உண்மையில் நிறுவும் வேளையில் உரிய டிரைவரைக் கொடுத்தால் டிஸ்க் தெரியும். ஆனால் ஏற்கெனவே நன்றாக இயங்கும் வின்டோஸ் கணினியில் இந்த அமைப்பைத் திடீரென மாற்றிவிடாதீர்கள். அடுத்த முறை கணினி தொடங்காமலே போகலாம்.

வெளியில் செருகும் ஹார்ட் டிஸ்க்கின் பெட்டிக்குள்ளும் சிறியதோர் இணைப்பி இருக்கிறது. டிஸ்க் தரவைச் சிறு துண்டுகளாகவே கையாளும். பல டிஸ்க்குகளில் ஒரு துண்டு 512 பைட். சில பெட்டிகளின் இணைப்பிகளோ அதை 4096 பைட்டாகக் கணினிக்குக் காட்டும். பெட்டியைக் கழற்றி, உள்ளேயிருக்கும் டிஸ்க்கை வேறு பெட்டியில் இட்டால், கணக்கு மாறி டிஸ்க் வெறுமையாகத் தெரியக்கூடும். அப்போது செய்ய வேண்டியது போர்மட் அல்ல, பழைய பெட்டியிலேயே திரும்ப இடுவதுதான்.

மூன்றாவது, பிரிப்பு அட்டவணை. ஒரு டிஸ்க் எத்தனை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் பொருளடக்கம் இது. பழைய முறை எம்.பி.ஆர். டிஸ்க்கின் முதல் 512 பைட்டிலேயே அடங்கிவிடும். நான்கு முதன்மைப் பகுதிகளும், 2 டெராபைட் அளவுமே அதன் எல்லை. புதிய முறை ஜி.பி.டி. இதில் அட்டவணையின் ஒரு பிரதி டிஸ்க்கின் கடைசியிலும் வைக்கப்படுவதால் பாதுகாப்பு அதிகம். அட்டவணையை வாசிக்க முடியாதபோது வின்டோஸ், டிஸ்க்கை ‘இனிஷியலைஸ்’ செய்யவா என்று கேட்கும். இதுவும் போர்மட்டின் உறவுக்காரிதான். ‘கென்சல்’ என்பதை அழுத்திவிட்டு யோசியுங்கள்.

நான்காவது, நாம் முன்பு பார்த்த கோப்பு முறைமை. பெரும்பாலான சிக்கல்கள் இந்த வாசலில்தான்.

ஐந்தாவது, பெயரும் இடமும். எல்லா வாசலையும் கடந்து வந்தாலும், அமர்வதற்கு ஓர் இடம் தரப்பட வேண்டும். வின்டோஸ் அதை ஆங்கில எழுத்தாகத் தருகிறது. ஏ, பி ஆகியவை அந்தக் கால பிளொப்பி டிஸ்க்குகளுக்கு ஒதுக்கப்பட்டவை. ஆகையால்தான் இன்றும் நம் கணினியின் டிஸ்க் சி என்ற எழுத்தில் தொடங்குகிறது. சில வேளை டிஸ்க் நன்றாக இருக்கும், எழுத்து மட்டும் கிடைத்திருக்காது.

எங்கே போய்ப் பார்ப்பது?

வின்டோஸில்: வின்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் ஒன்றாக அழுத்தினால் வரும் பட்டியலில் ‘டிஸ்க் மெனேஜ்மன்ட்’ இருக்கும். மை கொம்பியூட்டரில் தெரியாத டிஸ்க்கும் இங்கே தெரியும். இங்கும் தெரியவில்லை என்றால் சிக்கல் முதல் இரண்டு வாசல்களில் இருக்கிறது. ‘ஒப்லைன்’ என்றிருந்தால் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி ‘ஒன்லைன்’ ஆக்கலாம். கோப்பு முறைமையின் பெயர் காட்டப்பட்டு, எழுத்து மட்டும் இல்லையென்றால், ஓர் எழுத்தைக் கொடுத்துவிடலாம். இவ்விரண்டாலும் தரவு அழியாது. ‘ரோ’ என்றிருந்தாலோ, கோப்பு முறைமையின் பெயரே இல்லாவிட்டாலோ, அங்கே எதையும் தொடாதீர்கள்.

மெக்கில்: டிஸ்க் இணைந்திருந்தும் முகப்பில் தெரியாமல் இருக்கலாம். பைன்டரின் அமைப்புகளில் வெளி டிஸ்க்குகளைக் காட்டு என்ற தெரிவு அடையாளமிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ‘டிஸ்க் யூட்டிலிட்டி’ என்ற செயலியில், எல்லாச் சாதனங்களையும் காட்டு என்ற தெரிவைக் கொடுத்தால் முழு டிஸ்க்கும் பகுதிகளும் வரிசையாகத் தெரியும். மெக் வாசிக்க முடியாத டிஸ்க்கைக் கண்டால் ‘இக்னோர்’, ‘இஜெக்ட்’, ‘இனிஷியலைஸ்’ என்று மூன்று தெரிவுகளைத் தரும். முதல் இரண்டில் ஆபத்தில்லை.

லினக்ஸில்: எழுத்துக்குப் பதிலாக, டிஸ்க் ஒரு கோப்புறையினுள் ‘ஏற்றப்படுகிறது’. முதல் டிஸ்க் எஸ்.டி.ஏ., அடுத்தது எஸ்.டி.பி. என்று பெயர் பெறும். அதன் முதற் பகுதி எஸ்.டி.பி. 1. ‘எல்.எஸ்.பி.எல்.கே.’ என்ற ஐந்து எழுத்துக் கட்டளையைத் தட்டச்சு செய்தால் இணைந்துள்ள எல்லாமே பட்டியலாக வரும். அது பார்க்க மட்டுமே செய்யும், எதையும் மாற்றாது.

யார் எதை வாசிப்பார்?

பொதுவாக நாம் சந்திக்கும் கோப்பு முறைமைகள் இவை.

பெட் 32: 1996 இல் வந்தது. ஏறக்குறைய எல்லாச் சாதனங்களும் வாசிக்கும். ஆனால் ஒரு கோப்பு 4 ஜி.பி.யை எட்டினால் ஏற்காது.

என்.டி.எப்.எஸ்.: 1993 முதல் வின்டோஸின் முறை. மெக் இதை வாசிக்கும், ஆனால் இயல்பாக எழுதாது. “கோப்பைத் திறக்க முடிகிறது, கொப்பி பண்ண விடவில்லை” என்று மெக் பாவிப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

எக்ஸ்பெட்: 2006 இல் மைக்ரோசொப்ட் கொண்டுவந்தது. 4 ஜி.பி. எல்லை இல்லை. வின்டோஸ், மெக் இரண்டும் வாசித்து எழுதும். 2019 இல் இதன் விபரங்கள் பகிரங்கமாக்கப்பட்ட பின் லினக்ஸிலும் இயல்பாகச் சேர்ந்துவிட்டது.

எச்.எப்.எஸ். பிளஸ் (1998), ஏ.பி.எப்.எஸ். (2017): மெக்குக்கு உரியவை. வின்டோஸ் தானாக வாசிக்காது.

எக்ஸ்ட் 4: 2008 முதல் லினக்ஸின் முறை. வின்டோஸும் மெக்கும் தாமாக வாசிப்பதில்லை.

ஆகவே புதிதாக வாங்கிய பென் டிரைவை, உள்ளே ஒன்றும் இல்லாத வேளையில், எக்ஸ்பெட் முறையில் போர்மட் செய்து வைத்தால் வீடு, பாடசாலை, கடை என்று எங்கும் கொண்டு போகலாம். பழைய டீவியிலோ வாகன ரேடியோவிலோ பாவிப்பதாக இருந்தால் பெட் 32 பொருத்தமானது.

தெரிந்தும் தெரியாத கோப்புகள்

சில வேளை பென் டிரைவ் திறக்கும், ஆனால் உள்ளே கோப்புகளுக்குப் பதிலாக ‘ஷோர்ட்கட்’ மாத்திரம் இருக்கும். பலர் பாவிக்கும் கணினிகளில் செருகி எடுத்த பென் டிரைவ்களுக்கு வரும் வைரஸ் இது. டிஸ்க்கின் கொள்ளளவைப் பாருங்கள். இடம் நிரம்பியிருப்பதாகக் காட்டினால் கோப்புகள் உள்ளேதான் இருக்கின்றன, அவற்றுக்கு ‘மறைவு’ அடையாளம் இடப்பட்டிருக்கிறது. ஷோர்ட்கட்டை மட்டும் திறக்காதீர்கள், திறந்தால் வைரஸ் உங்கள் கணினிக்கும் வந்துவிடும். வின்டோஸில் மறைவான கோப்புகளைக் காட்டு என்ற தெரிவைக் கொடுத்து, பணிசெயல் முறைமைக் கோப்புகளை மறை என்பதை நீக்கினால் எல்லாம் வெளியே வரும். லினக்ஸ் இந்த மறைவு அடையாளத்தைப் பொருட்படுத்தாது, அங்கே நேராகவே தெரியும்.

இதன் மறுதலையும் உண்டு. மெக்கில் பாவித்த பென் டிரைவை வின்டோஸில் திறந்தால், புள்ளியில் தொடங்கும் விசித்திரமான பெயர்களோடு சிறு கோப்புகள் தெரியும். அவை வைரஸ் அல்ல. மெக்கும் லினக்ஸும் புள்ளியில் தொடங்கும் பெயர்களை மறைத்து வைக்கும், வின்டோஸ் மறைப்பதில்லை. அவ்வளவுதான்.

ஏற்கெனவே அழுத்திவிட்டால்?

நம்பிக்கை இழக்க வேண்டாம். விரைவுப் போர்மட், ஹார்ட் டிஸ்க்கின் பொருளடக்கத்தைத்தான் புதிதாக எழுதுகிறது. உள்ளடக்கம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் மேல் வேறொன்று எழுதப்படும்போதுதான் அது அழிகிறது. ஆகவே உடனே டிஸ்க்கைக் கழற்றுங்கள், புதிதாக எதையும் அதில் இடாதீர்கள். டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களால் மீட்க வாய்ப்புண்டு. மீட்ட கோப்புகளை வேறு டிஸ்க்கிலேயே சேமிக்க வேண்டும். முழுப் போர்மட் என்றால் கதை வேறு, வின்டோஸ் விஸ்டாவிலிருந்து அது டிஸ்க் முழுவதும் பூச்சியங்களை எழுதிவிடுகிறது. எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்குகளிலும் மீட்பது கடினம், அழிக்கப்பட்ட இடங்களை அவை தாமாகவே துப்புரவு செய்துவிடும்.

அந்தக் கறுப்பு டிஸ்க்

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். டிஸ்க் மெனேஜ்மன்டைத் திறந்தேன். டிஸ்க் அங்கே இருந்தது. அளவு 931 ஜி.பி. “1 டெராபைட் என்றார்களே, மீதி எங்கே?” என்று உம்மா கேட்டார். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், வின்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, ஒன்றும் குறையவில்லை என்று விளக்கினேன். தொடக்கத்தில் 200 எம்.பி.யில் ஒரு சிறு பகுதி, அடுத்துப் பெயரில்லாத ஒரு பெரிய பகுதி. அந்த 200 எம்.பி.யைக் கண்டதும் ஓரளவு புரிந்தது. மெக்கில் ஜி.பி.டி. முறையில் தயாரித்த டிஸ்க்குகளில் இப்படி ஒரு பகுதியைக் காணலாம். ஸ்டூடியோவில் மெக் பாவித்திருக்கிறார்கள். அதை எங்களிடம் சொல்லத்தான் மறந்துவிட்டார்கள்.

எங்களிடம் மெக் இல்லை. காக்காவின் பழைய மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் இருந்தது. அதில் செருகியதும் டிஸ்க் திறந்தது. எச்.எப்.எஸ். பிளஸ் முறை. லினக்ஸ் அதை வாசிக்க மட்டும் விட்டது, எழுத விடவில்லை. எங்களுக்கு வேண்டியதும் அதுதானே. வீடியோவைப் பென் டிரைவுக்கு மாற்றப் பார்த்தோம். கோப்பு மிகப் பெரிது என்று மறுத்தது. வீடியோ 11 ஜி.பி., பென் டிரைவ் பெட் 32. காக்காவிடமிருந்த வேறொரு வெறும் டிஸ்க்கை எக்ஸ்பெட் ஆக்கி அதில் கொப்பி பண்ணினோம். முடியும்போது இரவு பன்னிரண்டரை. யாரும் உறங்கப் போகவில்லை.

உம்மும்மாவின் குரல் கேட்டது. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வாப்பா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். சற்று நேரம் கழித்து வந்து, “இன்னொரு தரம் போடுங்க மகள்” என்றார்.

இப்போது அந்த வீடியோவின் மூன்று பிரதிகள் எங்களிடம் இருக்கின்றன. ஒன்று வீட்டில், ஒன்று ராத்தாவின் வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். ஒரே பிரதியாக இருக்கும் எதுவும் பாதுகாப்பானதல்ல என்பதை அன்று கற்றோம். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: கணினி கேட்கும் கேள்வி புரியாவிட்டால், ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். மாணவிகளிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் உம்மும்மாமாரின் குரலை இன்றே பதிந்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

வல்ல அல்லாஹ் எங்கள் உம்மும்மாவின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.